கீழ் வீட்டுக் குழாய்

நவம்பர் 2, ஞாயிறு

மகள் மங்கை வியாழக்கிழமை வருகிறாள். ஒன்பதாம் மாத வளைகாப்பு கோவில்பட்டியில் அவள் மாமியார் வீட்டில். முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வந்துவிடுவோம். பிள்ளை பெற்ற உடம்புக்கு நாற்பது நாள் வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று பிரமு ஒரு மாதமாக என் காதில் ஓதிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவள் எதையும் ஒரு தடவை சொல்லி நான் பார்த்ததில்லை. கல்லூரி அலுவலகம் ஒன்றையே கட்டி மேய்க்கிறவனுக்கு ஒரு கீசர் மாட்டத் தெரியாதா? மச்சினன் வீட்டுப் பரணில் ஒன்று சும்மா கிடந்தது. நேற்று ஆட்டோவில் தூக்கி வந்துவிட்டேன்.

காலையில் எலக்ட்ரீசியன் சுடலை வந்தான். பாத்ரூம் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“சார், மூணாவது ஓட்டை சும்மா பேருக்குத்தான் இருக்கு. உள்ள வயரே இல்ல. இந்த வீட்டுக்கு எர்த்தே கெடையாது.”

“எர்த் இல்லாட்டா என்னடே?”

“கீசருக்குள்ள எங்கயாவது கரண்டு கசிஞ்சா எர்த் வழியா தரைக்குப் போயிரணும். வழி இல்லன்னா தொடுத ஆள் வழியாப் போவும். ஓனர்ட்ட சொல்லுங்க. கீழ குழி வெட்டி, கம்பி எறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடணும். ஒரு நாள் வேலைதான்.”

ஓனர் வண்ணார்பேட்டையில் இருக்கிறார். போன் செய்தேன். “பொங்கல் கழியட்டும் சார், மொத்தமாப் பாத்துருவோம்” என்றார். எந்த வருடத்துப் பொங்கல் என்று சொல்லவில்லை.

சுடலை சுவரோடு போகிற தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தான். “இரும்பு பைப்பு. மொட்டை மாடித் தொட்டில இருந்து கீழ் வீடு வரைக்கும் போயி தரைக்குள்ள எறங்குது. பழைய வீடுகள்ல இதத்தான் எர்த்தா வச்சிருப்பாவ. தற்சமயத்துக்குக் கட்டிவிடவா?”

தற்சமயத்துக்குத்தானே, சரி என்றேன். கீசரின் பச்சை வயரைக் குழாயில் சுற்றி முறுக்கிவிட்டான்.

நவம்பர் 3, திங்கள்

கீசரைப் போட்டால் டிரிப்பர் விழுகிறது. கரண்டு கசிந்தால் வீட்டுக் கரண்டையே தானாக அணைத்துவிடும் சாமான் அது. நான்கு தடவை தூக்கிவிட்டேன், நான்கு தடவையும் விழுந்தது. சுடலையைத் திரும்பவும் கூப்பிட்டேன்.

“கீசர்லதான் கசியுது சார். புதுசு ஒண்ணு வாங்கிருங்களேன்.”

மழைக்காலம், ஈரம், வேறென்ன? மச்சினனிடம் ஓசியில் வாங்கியது ஓட்டை என்று பிரமுவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? வேறு வழி இருக்கிறதா என்று மட்டும்தான் சுடலையிடம் கேட்டேன். செய் என்று சொன்னதாக நினைவில்லை. டிரிப்பருக்கு வெளியே கீசருக்குத் தனி லைன் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது விழுவதில்லை.

நவம்பர் 6, வியாழன்

மங்கை வந்துவிட்டாள். வயிறு முன்னே வர அவள் பின்னே வந்தாள். முகம் வெளுத்திருக்கிறது. படி ஏறும்போது கீழ் வீட்டு ஜெபசீலி ஓடி வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டது. நல்ல பெண். கணவர் எமர்சன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எங்கள் மாடிப்படி அவர்கள் வாசலை ஒட்டித்தான் ஏறுகிறது. போகவர ஒரு வார்த்தை பேசாமல் தாண்ட முடியாது.

“அப்பா, கீசரெல்லாம் போட்டுருக்கீங்க!” என்றாள் மங்கை. பிரமுவைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் பாத்ரூம் குழாயைத் திறக்கும்போது விரலில் சுர்ரென்றது. எறும்பு கடித்தாற்போல. ஈரக் கையோடு தொட்டிருப்பேன்.

நவம்பர் 10, திங்கள்

அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு பாத்ரூம் குழாய், சமையலறைக் குழாய் இரண்டையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றினேன். பழையது ஒழுகிக்கொண்டிருந்தது. தரைக்கு ரப்பர் மிதியடியும் வாங்கிப் போட்டேன். கீசரை இனி நான்தான் போடுவேன், நான்தான் அணைப்பேன், அணைத்த பிறகுதான் யாரும் உள்ளே போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

“ஒழுகுன கொழாய ரெண்டு வருசமாச் சொன்னேன். மக வரவும் கை கால் மொளச்சிட்டோ?” என்றாள் பிரமு.

மங்கைக்காகத்தான். பாத்ரூமில் அவள் ஒரு வினாடி தாமதித்தாலும் போய்க் கதவைத் தட்டுகிறேன். ஏன் என்று எழுத விருப்பமில்லை.

நவம்பர் 13, வியாழன்

ஜெபசீலி கிண்ணத்தில் உளுந்தங்களி கொண்டு வந்தது. மங்கைக்கு இடுப்புக்கு நல்லதாம். கொடுத்துவிட்டு நின்றது.

“அண்ணாச்சி, எங்க வீட்டு அடுப்படிக் கொழாய் கடிக்கி. காலைல ஆறு ஆறரைக்குத் தொட்டா தோள்பட்ட வரைக்கும் ஏறுது. பெறவு ஒண்ணுமில்ல. உங்க வீட்டுலயும் அப்படி இருக்கா?”

“இல்லையே” என்றேன். இங்கே பிளாஸ்டிக் குழாய். நான் சொன்னது பொய்யில்லை. ஓனரிடம் சொல்லச் சொன்னேன். வாடகை வாங்கத் தெரிந்தவருக்கு வயரிங் பார்க்கத் தெரியாதா என்று நானும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.

ஆறு மணிக்குத்தான் நான் கீசர் போடுகிறேன்.

நவம்பர் 15, சனி

ஓனர் அனுப்பிய ஆள் சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து கீழ் வீடு முழுக்க டெஸ்டர் வைத்துப் பார்த்தான். எங்கேயும் அதன் லைட் எரியவில்லை. “ஈரக் கையோட பிரிட்ஜ் கிட்ட நின்னிருப்பீங்க” என்று ஜெபசீலியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த நேரத்தில் எங்கள் கீசர் அணைந்திருந்தது. அவன் மேலே வந்து கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா?

நவம்பர் 18, செவ்வாய்

இன்று எழுதத்தான் வேண்டும்.

பிரமுவும் மங்கையும் டாக்டரிடம் போயிருந்தார்கள். கீசரைப் போட்டுவிட்டுக் கீழே போனேன். ஜெபசீலியிடம், “ஓனர் ஆளை நம்ப முடியாதும்மா, நானே ஒரு தடவை பாக்கேன்” என்று சொல்லி டெஸ்டரை அடுப்படிக் குழாயில் வைத்தேன். எரிந்தது. மேலே வந்து அணைத்தேன். கீழே போய் வைத்தேன். எரியவில்லை. மறுபடியும் போட்டேன். எரிந்தது.

“என்ன அண்ணாச்சி, ஏறி ஏறி எறங்குதிய?” என்று அது சிரித்தது. “ஒண்ணுமில்லம்மா, டெஸ்டர்தான் சரியில்ல போல” என்றேன். டெஸ்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சுடலைக்குப் போன் போட்டேன். மாலை போட்டிருக்கிறான், கட்டுமானம் ஒன்றுக்காகப் புனலூரில் தங்கியிருக்கிறானாம், அங்கிருந்தே மலைக்குப் போய்விட்டுத்தான் ஊர் திரும்புவானாம். நடந்ததைச் சொன்னேன்.

“சார், கீழ தரைக்குள்ள போற பைப்ப ஓனர் ஏதும் மாத்துனாரா?”

புரட்டாசியில் கீழ்ப்பகுதியைத் தோண்டி பிளாஸ்டிக் பைப் போட்டார்கள். எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, சொன்னேன்.

“போச்சு போங்க. அப்பம் கரண்டு தரைக்குப் போவல. கீசர்ல கசியுதது பூராவும் பைப்புலயேதான் நிக்கி. டிரிப்பரும் கெடையாது. சாமி சரணம்! இனிமே அந்த சுவிட்சத் தொடாதீய சார். கீழ் வீட்டுலயும் ஒரு வார்த்த சொல்லி வச்சிருங்க.”

சரி என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

கீசர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன். சுவிட்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். பெரிய பாத்திரத்தில் அடுப்பில் வெந்நீர் போட்டு நானே சுமந்து ஊற்றினேன். கீழே இன்னும் சொல்லவில்லை. இனிமேல்தான் போடப் போவதில்லையே. எரியாத அடுப்பு சுடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிவார்கள்?

நவம்பர் 20, வியாழன்

டேப் இருக்கிறது. பார்த்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

மழை. டேப் இருக்கிறது.

படியில் ஜெபசீலி நிறுத்தியது. “அண்ணாச்சி, கொழாய் இப்பம் கடிக்கல. நீங்க வந்து பாத்த ராசி. ஓனரத் திட்டுனதுல அவரும் எதையோ மாத்திட்டார் போல. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்” என்றது.

வாங்கிக்கொண்டேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டுதான் படி ஏறினேன்.

நவம்பர் 22, சனி

தூக்கமில்லை. சொல்லலாம் என்று இரண்டு தடவை இறங்கினேன். முதல் தடவை எமர்சன் வீட்டில் விருந்தாளிகள். இரண்டாவது தடவை யாருமில்லை. தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும்? பிரமு தலையில் அடித்துக்கொள்வாள். சம்பந்தி வீட்டுக்குத் தெரியவரும். நிறைமாதப் பெண்ணை இப்படி ஒரு வீட்டிலா வைத்திருந்தீர்கள் என்பார்கள். ஓனர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார், பச்சைப் பிள்ளையோடு எங்கே போவது? பிரசவம் முடியட்டும். ஒரு பத்து நாள். சுடலை மலையிலிருந்து வந்ததும் காதும் காதும் வைத்தாற்போல் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை.

வேறு எலக்ட்ரீசியனைக் கூப்பிட முடியாது. வந்தவன் பார்த்த உடனே கேட்பான்.

நவம்பர் 24, திங்கள்

பெண் குழந்தை. காலை 11.40. இரண்டே முக்கால் கிலோ. இருவரும் நலம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலில் வந்து நின்றது ஜெபசீலியும் எமர்சனும்தான். பிளாஸ்க்கில் காப்பி கொண்டு வந்திருந்தார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆறு பானை வெந்நீர். இடுப்பு விட்டுப்போய்விட்டது. பேத்தியின் உள்ளங்கை என் கட்டைவிரல் நகத்தளவு இருக்கிறது. அதைத் தொடும்போதுகூட எனக்குக் குழாய் ஞாபகம் வருகிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

“ஊர்ல சுடலை ஒருத்தன்தான் எலக்ட்ரீசியனா? வேற ஆளக் கூப்பிட்டா கொறஞ்சா போயிருவிய?” என்று பிரமு கத்தினாள். குழந்தை பயந்து அழுதது. “அந்தக் கீசரத் தொட்டா கையை ஒடிப்பேன்” என்று நானும் கத்தினேன். மங்கை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அவள் அம்மாவிடம் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

டேப் ஒரு ஓரம் தூக்கியிருந்தது. மேலே இன்னொன்று ஒட்டினேன்.

டிசம்பர் 6, சனி

காலை ஏழு மணி இருக்கும். குழந்தை என் மடியில். மங்கை பக்கத்தில் கட்டிலில். பிரமு குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து ஒரு சத்தம். அலறல் என்று சொல்ல முடியாது. தொண்டையை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி, அறுந்து அறுந்து வந்தது. பாத்திரங்கள் உருண்டன. “ஏ சீலி! சீலி!” என்று எமர்சன் கத்தினார்.

குழந்தையை மங்கை மடியில் போட்டுவிட்டு ஓடினேன். பாத்ரூம் சுவிட்சில் டேப் பாதி உரிந்து தொங்கியது. சிவப்பு லைட் எரிந்தது. அணைத்தேன். கீழே தொம்மென்று விழுந்த சத்தம்.

பிரமு பானையோடு நின்றாள். “என்னங்க? நல்லாத்தான வேலை செய்யுது? கெட்டுப்போச்சுன்னு சொன்னிய...”

அதற்குப் பிறகுதான் கீழே ஓடினேன். ஜெபசீலி தரையில் கிடந்தது. வலது உள்ளங்கை கருகி, நெற்றி பிளந்து ரத்தம். மூச்சு இருந்தது. குழாயில் ஒட்டியிருந்த கையை எமர்சன் விறகுக்கட்டையால் அடிக்கப் போன சமயத்தில் அது தானாக விட்டதாம். அவருடைய வேனிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம், “ஆண்டவர்தான் அண்ணாச்சி, அவ கையை எடுத்துவிட்டாரு, ஆண்டவர்தான்” என்று ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் என் தோளைப் பிடித்து அழுதார். அவர் கையைத் தட்டிவிடவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை. நெற்றியில் ஏழு தையல். இரண்டு விரல்கள் மடங்குமா என்று பிறகுதான் தெரியுமாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

டவுனிலிருந்து புது ஆள் ஒருவரைக் கூட்டி வந்து கீசரை, பச்சை வயரை, தனி லைனை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். வயசான ஆள். குழாயில் முறுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“படிச்ச ஆளா இருக்கிய. உள்ள தண்ணியச் சுட வைக்கிற காயில் கம்பி ஓட்டை. பைப்பு மட்டுமில்ல, தண்ணிக்குள்ளயே கரண்டு எறங்கிருக்கு. இந்தத் தண்ணியையா பிள்ளைக்கு ஊத்தப் பாத்திய?”

பாத்ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளாஸ்டிக் குழாய் போட்டால் தப்பித்தோம் என்று நினைத்தேனே. மங்கை பன்னிரண்டு நாள் இங்கே குளித்தாள். நான் அணைக்க மறந்த நாள் ஒன்று இருந்திருந்தால்?

மத்தியானம் எமர்சன் மேலே வந்தார். ஓனர் மேல் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம். நீங்கதான் சாட்சி, நீங்கதான் டெஸ்டர் வச்சுப் பாத்திய என்றார். தலையை ஆட்டினேன். எர்த் போடாதது ஓனர் தப்புதான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

எமர்சன் போன பிறகு மங்கை கூப்பிட்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அப்பா, ஜெபசீலி அக்கா கத்துன உடனே எல்லாரும் கீழதான ஓடுவாங்க? நீங்க ஏன் நம்ம பாத்ரூமுக்கு ஓடுனீங்க?”

கண்ணாடியைத் துடைத்தேன். வெளியே பார்த்தேன். அவள் காத்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது பிரமு வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டிருந்தாள். டேப்பை உரித்தது அவள் கை. அதை நினைத்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. அந்தப் பாவத்தையும் நான்தான் அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

“நம்ம குழாய மட்டும் மாத்திட்டீங்க” என்றாள் மங்கை.

“உனக்காகத்தாம்மா...”

“என் பேரைச் சொல்லாதீங்கப்பா. போயிச் சொல்லுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும். நீங்கதான் சொல்லணும்.”

டிசம்பர் 8, திங்கள்

ஜெபசீலியை மத்தியானம் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சாயங்காலம் இறங்கினேன். பதினாறு படிகள். என்னைப் பார்த்ததும் அது எழுந்திருக்கப் பார்த்தது. “வாங்க அண்ணாச்சி. பிள்ளை நல்லா இருக்கா? மதினிக்குத்தான் பாவம், நெறைய வேலை.” கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தது.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மச்சினன் வீட்டுக் கீசர், பச்சை வயர், டிரிப்பர், டெஸ்டர், டேப். அலுவலகத்தில் அறிக்கை வாசிக்கிற மாதிரி சொன்னேன். வேறு விதமாகச் சொல்லியிருந்தால் பாதியில் நின்றிருப்பேன். போலீசுக்கு எழுதுகிற காகிதத்தில் ஓனர் பேருக்கு முன்னால் என் பேரை எழுதுங்கள் என்றேன்.

எமர்சன் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்னைக்கு அண்ணாச்சி ஒங்களுக்குத் தெரியும்?”

“நவம்பர் பதினெட்டு.”

சுவரில் காலண்டர் தொங்கியது. போன மாதத் தாளைத் தூக்கிப் பிடித்து பதினெட்டில் விரலை வைத்தார். ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். உதடு மட்டும் அசைந்தது. தாளை விட்டு, இந்த மாதத்தில் ஆறாம் தேதி வரைக்கும் வந்து நிறுத்தினார். ஜெபசீலி என்னைப் பார்க்கவில்லை, அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பதினெட்டு நாள்” என்றார் எமர்சன். “பதினெட்டு நாளும் எங்க வாசல் வழியாத்தான ஏறி எறங்குனிய?”

ஆமாம் என்றேன்.